முழுசாக் கேளுங்க

மஸ்கட்டில் வேலை கிடைத்தால் குடும்பத்தோடு தங்க வீடும் தருவார்களாம். டென்சிலுக்கு நேர்காணல் வருமுன்பே அவன் மனைவி லவினா, தான் வேலையை விடப்போவதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள். அவள் இங்கிலீஷ் டீச்சர்.

அவனிடம் ஒரே குறை. கேள்வி முடியும் முன்பே "எஸ், சார்!" என்பான்.

"இன்னாங்க இது? உங்க தாத்தா தங்கச் சொரங்க ஷாப்டுல தொரைகிட்ட சொல்லிக்கினு இருந்தத நீங்களும் சொல்லணுமா? முழுசாக் கேளுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க."

"சரிங்க டீச்சரம்மா, அடிச்சிடாதீங்க!"

மூன்று மாதம் தினமும் அவன் காதுக்கும் நாக்குக்கும் பயிற்சி கொடுத்தாள்.

ஸ்பீக்கர் போனில் நேர்காணல் நடந்த அன்று, மனம் கேட்காமல் அரை நாள் லீவு போட்டு ஓடிவந்தாள். ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுத் தகரக் கதவுக்கு வெளியிலேயே இரண்டு குரல்களும் ஆங்கிலத்தில் கேட்டன.

"குடும்பம் இருந்தால் வீடு தருவோம். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?"

டென்சில் அவசரப்படவில்லை. கேள்வியை முழுவதும் கேட்டான்.

"இல்லை, சார்."

கதவைத் தள்ளப்போன அவள் கை அப்படியே நின்றது.

"நல்லது. இவ்வளவு தெளிவாகப் பேச யார் சொல்லிக்கொடுத்தார்கள்?"

"பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார், சார்."