ராம்கிக்கு ஒரு பதவி உயர்வு

தஞ்சாவூரில் தங்கையன் வீட்டு முன்னறையில் 'ஃபேமிலி ஆபீஸ்' என்று பளபளவென்று போர்டு மாட்டியிருந்தது. அதன் ஆபரேஷன்ஸ் மேனேஜர் ராம்கி. நெல்லைக் கொள்முதலுக்கு ஏற்றுவது முதல் சிங்கப்பூர் சம்பந்திக்குக் கூரியரில் வடகம் அனுப்புவது வரை எல்லாம் ஆபரேஷன்தான். எம்.பி.ஏ. படித்தவனுக்கு வேறென்ன வேண்டும்!

வேலைக்குச் சேர்ந்த அன்று தங்கையன் சர்ட்டிபிகேட்டைப் புரட்டக்கூட இல்லை. ஜாதகத்தைத்தான் கேட்டார்.

"முதல் நாத்து நடற கைக்கே ராசி பாக்குறவங்க நாங்க. சாவிக்கொத்து குடுக்கணும்ல தம்பி?"

ஐந்து வருஷமாகியும் அதே சம்பளம். சென்னையில் இதே வேலை பார்க்கும் நண்பன் ஜெரால்ட் இரண்டாவது கார் வாங்கிவிட்டான். ராம்கி சம்பளப் பேச்சை எடுத்தாலே தங்கையன் உருகிவிடுவார்.

"நீங்க நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி. வீட்டுக்குள்ள சம்பளம் பேசலாமா?"

நிஜமான வீட்டுப் பிள்ளை ராஜராஜன், ரைஸ் மில்லில் மாடாய் உழைத்துவிட்டு, பெட்ரோலுக்கு அப்பா முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான்.

இங்கே கேட்டால் ஒன்றும் கிடைக்காது, எடுத்துக்கொண்டால்தான் உண்டு என்று ராம்கி முடிவுகட்டினான்.

திருவையாற்று ஆராதனை நாள் வந்தது. சங்கீதத்துக்கும் தங்கையனுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனாலும் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டாவிட்டால் கௌரவம் என்னாவது? குடும்பத்தோடு கிளம்பினார். மகள் குந்தவை மட்டும் தலைவலி என்று மாடியில் படுத்துவிட்டாள்.

"லாக்கர் சாவியும் இந்தக் கொத்துலதான் இருக்கு, பாத்துக்குங்க தம்பி. கேமரா ரிப்பேரு. வாட்ச்மேன் காத்தானையும் குத்தாலத்துக்கு அனுப்பிட்டேன்."

அட கடவுளே, பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறாரே! ராம்கிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கார் தெருமுனை தாண்டியதும் பின்வாசலுக்கு வாடகைக் கார் வந்தது. மாட்டினால் வேலை மட்டுமா, முட்டியும் போய்விடும்.

"பெட்டி கனக்குதே சார்!" என்றார் டிரைவர்.

"பேசாம ஓட்டுங்க."

மாலையில் தங்கையன் திரும்பியபோது, வாசலில் ராம்கியும் குந்தவையும் மாலையும் கழுத்துமாக நின்றார்கள். லாக்கரை ராம்கி தொடவே இல்லை; பெட்டியில் கனத்தது குந்தவையின் பட்டுப்புடவைகள்தான். மாப்பிள்ளையானால் மில்லே தன்னுடையது, லாக்கர் எதற்கு?

"மன்னிச்சிடுங்க மாமா!" என்று தடாலென்று காலில் விழுந்தான்.

"எழுந்திரிங்க மாப்பிள்ளை" என்றார் தங்கையன் சாவகாசமாக. "லாக்கரைத் திறந்தே பாக்கலியா? தாலி பண்ணி அதுலதானே வச்சிருந்தேன்!"

ராம்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பத்துக்கு எட்டுப் பொருத்தம். அஞ்சு வருஷமாக் காத்திருக்கேன். மண்டபம் இல்ல, சீர் இல்ல, பந்தி இல்ல. இந்தக் காலத்துல இப்படி ஒரு மாப்பிள்ளை லேசுல கிடைப்பாரா?"

குந்தவை தரையைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது!

போகட்டும், காரியம் ஜெயம்தானே? ராம்கி நெஞ்சை நிமிர்த்தினான்.

ராஜராஜன் பரிதாபமாக அவன் தோளில் கை போட்டு, காதோரம் சொன்னான்:

"பெட்ரோலுக்குன்னா சனிக்கிழமையாப் பாத்துக் கேளுங்க மாப்ள, அன்னைக்குத்தான் அப்பா குடுப்பாரு."