பதினொரு மணிக் காற்று

"என் சீட்டை மறுபடியும் யாரு இறக்கினது?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் தன் சைக்கிளுக்கு முன்னால் ஸ்கேலோடு குந்தியிருந்தான். சரியாக இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை.

"அதை யாருங்க தொடப்போறாங்க? என்னைவிட அதைத்தானே பத்திரமா பாத்துக்கறீங்க," என்றாள் மனைவி.

பொய்யில்லை. கடலோர ஊரில் மற்றவர்களின் சைக்கிள் எல்லாம் உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடக்க, அவனுடையது மட்டும் இப்போதுதான் துடைத்து வைத்ததுபோல் பளபளக்கும். தன் கைராசி என்று நினைத்திருந்தான்.

சீட்டு கிடக்கட்டும். அவனுடைய உண்மையான வயிற்றெரிச்சல் வேறு. ஊரைச் சுற்றிக் கடலோரமாகப் போகும் சாலையில், கலங்கரை விளக்கத்துக்கு ஏறும் மேடுதான் சைக்கிள்காரர்களுக்கெல்லாம் பரீட்சை. இரண்டு கிலோமீட்டர், மூச்சு வாங்காமல் ஏறியவர் யாருமில்லை. செல்போன் செயலியில் அந்த மேட்டின் சாதனை நேரம் மூன்று வருடமாக அவன் பெயரில் இருந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால், 'கடற்காகம்' என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்ட ஒரு ஆள் அதை நான்கு விநாடி வித்தியாசத்தில் தட்டிப் பறித்துவிட்டார். இவன் விடியற்காலையில் போய் நாக்குத் தள்ள மிதித்து மீட்டான். மறுநாளே போய்விட்டது. இந்த முறை மூன்று விநாடி.

"இங்க பாரு, எல்லாமே பதினொரு மணிக்கு ஓட்டினது. அதுவும் வேலை நாள்ல. நான் கடையில ஊரார் கண்ணைப் பாத்துக்கிட்டிருக்கற நேரத்துல ஒருத்தன் ஊர் சுத்தறான்னா, வேலைவெட்டி இல்லாத பயலாத்தான் இருக்கணும்."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மாமியாரின் கத்தி ஒரு கணம் நின்றது. இதே ஊரில் பார்த்த நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, எட்டு மாதமாக மகள் வீட்டில் இருக்கிறார். மாப்பிள்ளையிடம் எண்ணி நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். இதுவரை வாய் திறந்து அவர் கேட்டது ஒரே ஒரு கறுப்புக் கண்ணாடி. மாடியில் துணி காயப்போடும்போது கண் கூசுகிறதாம், காற்றில் தூசி வேறு விழுகிறதாம். பக்கவாட்டிலும் மூடினமாதிரி, பவரோடு, அவனே பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்திருந்தான்.

"யாரு பெத்த பிள்ளையோ, விடுங்க மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் பீன்ஸுக்குத் திரும்பினார்.

விடுவதாவது! ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சங்கத்தின் ஜோடிப் போட்டி. துறைமுகத்தில் தொடங்கி, உப்பளம் வழியாக வளைந்து, கலங்கரை விளக்கத்தின் உச்சியில் முடியும் இருபது கிலோமீட்டர். காலை ஆறு மணியிலிருந்து எந்த ஜோடி எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். எடுத்துக்கொண்ட நேரம்தான் கணக்கு. போன இரண்டு வருடமும் அவனுக்கு இரண்டாம் இடம். இந்தத் தடவை முதலிடம் வாங்காவிட்டால் சைக்கிளையே விற்றுவிடுவதாகக் கடையில் எல்லோரிடமும் சவால் விட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை அவனுடைய ஜோடியான தையற்காரர் படியில் தடுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். இவன் பதறிப்போய்ச் சங்கச் செயலாளரான பேக்கரிக்காரருக்குப் போன் போட்டான்.

"தனியா ஓட விடமாட்டோம் தம்பி. ஆனா இன்னொருத்தரும் ஜோடி இல்லாம பேர் குடுத்திருக்காங்க. சேர்ந்து ஓட்டறீங்களா?"

"யாரு?"

"கடற்காகம்."

அவன் பல்லைக் கடித்தான். பேக்கரிக்காரர் அதோடு விடவில்லை. அந்த ஆள் பத்து மணிக்குத்தான் கிளம்புவாராம், அதற்கு ஒத்துக்கொண்டால்தான் வருவாராம். ஊரே குளிர்ச்சியில் ஓட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் நேரத்தில், இவன் மட்டும் வெயிலில் வேக வேண்டுமா? திமிரைப் பார் என்று மனைவியிடம் கொதித்தான். ஆனால் எதிரியோடு ஓடினாலாவது போட்டியில் இருக்கலாம். வேறு வழியில்லாமல் சரி என்று சொல்லிவிட்டான்.

ஞாயிறு காலை மனைவி வாசல்வரை வந்தாள். "ஜெயிச்சிட்டு வாங்க, ரெண்டு பேரும்," என்றாள். அவளுக்கு ஏன் சிரிப்பு வந்தது என்று கேட்க அவனுக்கு நேரமில்லை.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது துறைமுக வாசலில் அநேகமாக யாரும் இல்லை. கடற்காகத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். பார்த்ததும் என்ன கேட்க வேண்டும் என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். பேக்கரிக்காரர் கொடிக்கம்பத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

ஹெல்மெட், முழுக்கைச் சட்டை, கையுறை. சங்கத்தின் வாடகை சைக்கிள் ஒன்றின் சீட்டை, விரலை வைத்து அளந்து இறக்கிக்கொண்டிருந்தது அந்த உருவம். அவன் தொண்டையைக் கனைத்தான். உருவம் நிமிர்ந்தது. முகத்தில் பாதியை மறைத்து ஒரு கறுப்புக் கண்ணாடி.

அந்தக் கண்ணாடியை அவனுக்குத் தெரியும், பவர் உள்பட.

ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது. முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. பின்னாலேயே சிரிப்பு வந்தது. இந்த வருடம் முதலிடம் வேறு எங்கும் போகாது என்ற தைரியமும் கூடவே வந்தது.

"இனிமே உங்க சீட்டை மறக்காம ஏத்தி வெச்சிடறேன் மாப்பிள்ளை," என்றார் மாமியார். "கிளம்புங்க. பதினொரு மணிக்கு மேட்டுக்கு அடியில நிக்கணும், அப்பதான் காத்து கடல்லேருந்து திரும்பி முதுகுல கை வெச்சுத் தள்ளும். முப்பது வருஷம் வீடு வீடா ஊசி போட அந்த மேட்டுல சைக்கிள் மிதிச்ச, வேலைவெட்டி இல்லாத பயல் சொல்றேன், நம்புங்க."