கட்டிலில் எந்தப் பக்கம்?

"உங்க வீட்டுக்காரர் காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட்டுக்குவார்?"

"ரெண்டு சார்" என்றாள் நர்ஸ், பட்டென்று.

ஆலோசகருக்குப் பகீரென்றது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அவள் கணவன் இதே நாற்காலியில் உட்கார்ந்து, சர்க்கரையை அடியோடு விட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவன் வெல்டர்.

குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்களுக்கு நேர்காணல் பயிற்சி கொடுப்பது ஆலோசகரின் பிழைப்பு. புருஷனைத் தனியாக, பெண்டாட்டியைத் தனியாகக் கேட்பார். தூதரகத்திலும் அப்படித்தான் கேட்பார்கள். பதில் ஒத்துப்போகாவிட்டால் போலிக் கல்யாணம் என்று முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கைத்தொழில் ஒருவருக்கு இருக்கும், விசா ஆசை இன்னொருவருக்கு இருக்கும். பேருக்கு ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். போன வருடம் அப்படி ஒரு ஜோடியை நம்பி, இவர் கடைக்கே பூட்டு விழ இருந்தது.

"கட்டில்ல நீங்க எந்தப் பக்கம் படுப்பீங்க?"

"நடுவுலதான் சார்."

"அப்ப அவரு?"

நர்ஸ் திருதிருவென்று விழித்தாள். வெல்டரும் நடுவில்தான் படுப்பதாகச் சொல்லியிருந்தான். இரண்டு பேரும் எப்படி நடுவில் படுக்க முடியும்?

"சரி, கடைசியா எதுக்குச் சண்டை போட்டீங்க?"

"நாங்க சண்டையே போட்டதில்ல சார்."

"ஐயையோ, இத அங்க போய் உளறிடாதீங்கம்மா! சண்டை போடாத புருஷன் பெண்டாட்டிய எந்த ஆபீசர் நம்புவான்? போகட்டும், எதுக்கு அந்த நாட்டுக்குப் போறீங்க? அதையாவது சொல்லுங்க."

அவள் என்னவோ சொல்ல வந்து, வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கைக்குட்டை அவள் கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்குத்தான் சார் நேர்காணல். தப்பாச் சொன்னா நிஜமாவே அனுப்ப மாட்டாங்களா?"

ஆலோசகர் வெல்டரையும் உள்ளே கூப்பிட்டார். கேள்விகள் அச்சடித்த தாளை மேஜையில் வைத்தார். நர்ஸ் பையைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். வெல்டர் அவளையே பார்த்தான்.

"நீ எப்போ கண்ணாடி போட ஆரம்பிச்சே?" என்று கிசுகிசுத்தான்.

அந்தச் சின்ன அறையில் அது ஆலோசகர் காதில் விழாமல் இருக்குமா?

"போதும்யா உங்க நாடகம்! நீங்க சர்க்கரைய விட்டது இவங்களுக்குத் தெரியல, இவங்க கண்ணாடி போட்டது உங்களுக்குத் தெரியல. உண்மையைச் சொல்லுங்க, விசாவுக்காகப் பண்ணிக்கிட்ட கல்யாணம்தானே இது? நாளைக்கு நீங்க மாட்டினா என் பேரும் சேர்ந்து நாறும். கிளம்புங்க!" என்று கத்தினார் ஆலோசகர்.

இருவர் முகமும் பேயறைந்தாற்போல் ஆனது. வெல்டர் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. வெளியே பெஞ்சில் பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்த பெண் உள்ளே வந்தாள். அடுத்து வரப்போகிறவர்களின் மகள் என்று, இவர்கள் விண்ணப்பத்தை இன்னும் பிரித்துப் பார்க்காத ஆலோசகர் நினைத்திருந்தார். உரித்து வைத்தாற்போல் வெல்டரின் அதே மூக்கு.

"அம்மா, அப்பா சர்க்கரைய விட்டு எவ்ளோ நாளாச்சு! அப்பா, அம்மா போன வருஷமே கண்ணாடி போட்டாச்சு. ரெண்டு பேரும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று படபடத்தவள், ஆலோசகரிடம் திரும்பினாள்.

"அம்மாவுக்குப் பகல் ஷிப்ட், அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட் சார். நான் பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான். ஒருத்தர் வர்றதுக்குள்ள இன்னொருத்தர் கிளம்பிடுவாங்க. காலையில நான் அப்பாகூட சாப்பிடுவேன், ராத்திரி அம்மாகூட சாப்பிடுவேன். அங்க ரெண்டு பேருக்குமே பகல் வேலைதானாம். மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்னுதான் சார் அங்க போறோம்."