வாசலில் நின்ற கொழுந்தன்

"கோயில் வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வரமாட்டேம்னா என்னலே அர்த்தம்?"

குற்றாலலிங்கம் பிள்ளை போட்ட சத்தத்தில், நெல்லையப்பர் கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நா இங்கனயே நிக்கேன், அண்ணாச்சி. நீங்க பைய கும்பிட்டுட்டு வாங்க" என்றான் ஆவுடைநாயகம். இடுப்பில் ஈர வேட்டி. தலையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

சொர்ணாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முக்கூடலில் வண்டி கட்டி, குறுக்குத்துறையில் மாட்டை அவிழ்த்து, ஆற்றில் குளித்து, நடையாய் நடந்து ஊருக்குள் வந்தது எதற்காக? கொழும்புக் கடையில் மூன்று வருஷமாகக் கிடக்கும் புருஷன் நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று காந்திமதி அம்மனுக்கு அர்ச்சனை செய்யத்தானே! புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாது. குருக்களிடம் பெயர் சொல்லக் கூடப்பிறந்த தம்பி இருக்கட்டும் என்றுதான் கொழுந்தனைக் கூட்டி வந்தாள். பக்கத்து வீட்டுக் குற்றாலலிங்கம் பிள்ளையும் அவர் மனைவி பார்வதியம்மாளும், ஊர் பார்க்கும் ஆசையில் கூடவே கிளம்பி வந்தவர்கள்.

இந்த மகாராஜன் என்னவென்றால், குளித்த கையோடு, 'பேட்டையில் கொழும்புச் சரக்கு விற்கும் தாஜ் முகம்மது பாயைப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று ஓடினான். வெயிலேறின பிறகு இப்படித் தொப்பலாக வந்து நிற்கிறான்.

பார்வதியம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கு ஒரு சந்தேகம். காலையில குளிச்சவன் மறுபடி எதுக்கு ஆத்துல முங்கணும்? ஏம்ப்பா, பாய் வீட்டுல கறிச்சோறு தின்னுட்டியா?"

ஆவுடைநாயகம் ஒரு கணம் விழித்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா" என்றான்.

மூன்று பேரும் பின்வாங்கினார்கள். முட்டை ஓடு கூட வாசற்படி மிதிக்காத சைவக் குடும்பம்! அதுவும் அம்மனைப் பார்க்க வந்த நாளில்!

"எட்டி நில்லுலே! யார் மேலயும் பட்டுராத!" என்று கத்தினார் பிள்ளை.

அவன் எட்டி நின்றான். நின்றவன் சும்மா இருந்தானா? "மதினி, அர்ச்சனைய வீட்டுல இருக்க ஒங்க பிள்ளைக பேருக்குப் பண்ணுங்க" என்றான்.

"ஏன், அவுக பேருக்குப் பண்ணினா ஒனக்கு வலிக்குதோ?" சொர்ணாம்பாள் சீறினாள். "அண்ணன் வந்துட்டா வயலைப் பிரிச்சுக் குடுக்கணுமேன்னு பயமா?"

அவன் குனிந்து வேட்டி நுனியைப் பிழிந்தான்.

கடைசியில் குற்றாலலிங்கம் பிள்ளைதான் குருக்களிடம் "காந்திமதிநாதன், உத்திர நட்சத்திரம்" என்று சொன்னார். அர்ச்சனை குறைவில்லாமல் நடந்தது. அம்மன் குங்குமத்தை எடுத்துத் தாலியிலும் நெற்றியிலும் வைத்துக்கொண்டபோது சொர்ணாம்பாளுக்கு மனம் கொஞ்சம் ஆறியது. பிள்ளை இசைத்தூண்களைத் தட்டித் தட்டிக் காட்டினார். அவளும் ஒரு தூணில் காதை வைத்துக் கேட்டாள்.

வெளியே வந்ததும் மறுபடி எரிச்சல். வண்டிக்குத் திரும்பலாம் என்றால் ஆவுடைநாயகம் விடவில்லை. தேரடியைப் பார்ப்போம், சந்திப் பிள்ளையாரைப் பார்ப்போம் என்று தெருத் தெருவாக நடக்க வைத்தான். சாமி கும்பிட வராதவனுக்கு ஊர் சுற்ற மட்டும் கால் வலிக்கவில்லை. அவர்களுக்குப் பத்தடி பின்னாலேயே வந்தான். வளையல் கடை முன்னால் நின்று, "அக்கா, மதினிக்குக் கை நெறைய வளையல் போடச் சொல்லுங்க. பிச்சிப்பூவும் வாங்குங்க" என்றான்.

"பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுதான் பாரு!" என்று பார்வதியம்மாள் முகத்தை நொடித்தாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் சொர்ணாம்பாள் நினைத்தாள். பச்சைக் கண்ணாடி வளையல் கையில் ஏறியபின் சொல்ல மனம் வரவில்லை.

"போதும்லே, பொழுது சாயுது. காலு கெஞ்சுது" என்றார் பிள்ளை.

"மேல ரத வீதி ஒண்ணுதான் பாக்கி, அண்ணாச்சி. மதினி இன்னொரு தடவ எப்ப வரப்போறாக?"

"ஏன் வராம? அவுக வந்ததும் அவுக கூட வருவேன். ஒன்கூட மட்டும் இந்த ஜென்மத்துல வரமாட்டேன்!" என்றாள் சொர்ணாம்பாள்.

குறுக்குத்துறைக்கு வந்து சேரும்போது ஆற்றின் மேல் வெயில் மஞ்சளாகிவிட்டது. வண்டிக்காரன் மாட்டைப் பூட்டினான்.

"கறி தின்னவன் வண்டியில ஏறப்படாது. பின்னால நடந்தே வரட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார் பிள்ளை.

"நல்லாச் சொன்னீக, அண்ணாச்சி! அவுக ஊருக்கு வரட்டும், இவன் செஞ்சது ஒண்ணுவிடாமச் சொல்லுதேன்."

வண்டியில் ஏறக் காலைத் தூக்கிய சொர்ணாம்பாளின் எதிரே வந்து நின்றான் ஆவுடைநாயகம்.

"மதினி, ஏறுததுக்கு முந்தி ஆத்துல ஒரு முங்கு முங்கிருங்க."

"நா எதுக்குடா முங்கணும்? தின்னது நீ!"

"நா பச்சத்தண்ணி கூடக் குடிக்கல, மதினி." அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கொழும்புக் கப்பல்ல வந்த ஆளு பாய் வீட்டுல இருந்தான், அண்ணன் காய்ச்சல்ல போயிட்டாகளாம். சேதி காதுல விழுந்தவனுக்குத்தான தீட்டு... நீங்க அம்மனப் பாத்து, ஊரச் சுத்தி முடிக்கிற வரைக்கும் ஒங்க காதுல விழாமப் பாத்துக்கிட்டேன்."