சொர்ணபாய்க்குத் தெரியாத பெயிண்டா?

பெண் பார்க்க வந்த சொர்ணபாய் இன்னும் பெண்ணைப் பார்க்கவில்லை. கடலோர இராஜாக்கமங்கலத்தில் செல்வதாஸ் சார் வீட்டு கேட்டில் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண் எடுக்க வந்தாளா, பழைய இரும்பு எடுக்க வந்தாளா என்று தெருவில் போகிறவன் கேட்டிருப்பான்.

"ஓ... ஸ்பிரே பெயிண்டாக்கும்!" என்றாள். வரவேற்கக் கும்பிட்டு நின்ற செல்வதாஸ் சாரின் கை அப்படியே இறங்கிவிட்டது.

புதுக்கடையில் அவளுக்குச் சொந்தமாகப் பெயிண்ட் கடை. கல்லாவில் அவள், கவுண்டரில் மகன் ஜெபிஷ். பெயிண்டைப் பற்றிப் பேச தன் குடும்பத்தைத் தவிர ஒருவருக்கும் யோக்கியதை இல்லை என்பது அவளுடைய தீர்மானம்.

இந்த வரனும் அவள் தேடியது இல்லை. ஒரு கல்யாண வீட்டில் செல்வதாஸ் சாரின் மகள் சிந்தியாவைப் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று மகன் ஒற்றைக்காலில் நின்றான்.

"உப்புக்காத்துல துருப்பிடிச்சுக் கெடக்கிற வீடாத்தான் இருக்கும். எனக்க கண்ணுல துரு பட்டுதோ, எழும்பி வந்துருவேன். பொறவு நீ அந்தப் பேச்சே எடுக்கப்படாது" என்று போன வாரமே கண்டிஷன் போட்டிருந்தாள்.

உள்ளே வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னல் கம்பியை முகர்ந்தாள். பிரிட்ஜின் முதுகை எட்டிப் பார்த்தாள். கடைசியில் ஹாலில் நின்ற பீரோவின் முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"துருவ மறைக்கதுக்குச் செஞ்ச வேலயப் பாத்தியாலே மக்கா?"

செல்வதாஸ் சார் நீட்டிய டீயை ஜெபிஷ் இடது கையால் வாங்கினான்.

"பெரிய மனுசன்கிட்ட எடது கையால வாங்குகான் பாரு! வலது கைக்கு என்னலே?"

"கார் கதவுல விரலு நசுங்கிச்சுன்னு நேத்தே சொன்னேம்லாம்மா." ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்த பேண்டேஜைக் காட்டினான்.

"கதவு சாத்தவும் துப்பில்ல" என்று அவனையும் ஒரு கடி கடித்துவிட்டு, மறுபடியும் பீரோவுக்குத் திரும்பினாள்.

"சாரே, சாதனம் ஒண்ணாந்தரம். எங்க கடையில விக்கிற அதே ஸ்பிரே டப்பாதான். அடிச்ச சவத்துக்குத்தான் அறிவில்ல. மொதல்ல உப்புத்தாளு போட்டுத் துருவச் சொரண்டணும். ப்ரைமர் அடிக்கணும். ஒரு சாண் தள்ளி நின்னு, மெலிசா ஓட்டணும். அது காஞ்ச பொறவு இன்னொருக்கா ஓட்டணும். இவன் என்ன செஞ்சிருக்கான்? டப்பாவ பீரோ மூஞ்சியில கொண்டு வச்சு, ஒரே அமுக்கா அமுக்கிருக்கான். பாருங்க, மூக்கு ஒழுகினது கணக்கா ஒழுகிக் கெடக்கு!"

"அது வந்தும்மா..." என்று செல்வதாஸ் சார் வாயைத் திறந்தார்.

"நீங்க ஒண்ணும் பேசாண்டாம். எனக்க மவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லித் தந்திருப்பான். அவன் கண்ணக் கெட்டிக்கிட்டு அடிச்சாலும் இதவிட நல்லா அடிப்பான்."

மகனுக்கு டீ புரையேறியது.

சிந்தியா அப்போதுதான் கதவோரம் வந்து நின்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்ப்பதைக் கண்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சொர்ணபாய் அவளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். பீரோவைப் பார்த்த நேரத்தில் பாதிகூட இல்லை.

"நாங்க வாறோம் சாரே. பீரோவுல துருவ மூடினவிய, பிள்ளையில எதையெல்லாம் மூடி வச்சிருக்கியளோ! ஏமாத்துக்காரங்க சம்பந்தம் எனக்கு வேண்டாம். எழும்புலே ஜெபிஷ்."

ஜெபிஷ் எழும்பவில்லை. அழுதுவிடுவான் போல இருந்தான்.

"மாமி, நாங்க யாரையும் ஏமாத்தல்ல" என்றாள் சிந்தியா. "துரு இருந்தா இருக்கட்டும், உள்ளதக் காட்டுவோம்னுதான் அப்பா சொன்னாவ. அடிச்ச ஆளுதான் கேக்கல்ல. காலப் பிடிக்காத கொறையா கெஞ்சி அடிச்சிட்டுப் போனாவ."

"யாரு அந்த மேதாவி? கூப்பிடு இங்க! நீ பேரு சொல்லாண்டாம், கைய நீட்டினா நானே கண்டுபிடிச்சிருவேன். இந்தக் காத்துல இப்பிடி அடிச்சவனுக்க விரலு நகக்கண்ணுல பெயிண்ட் போயிருக்கும். தின்னர் போட்டாலும் லேசுல போவாது. அந்த விரல ஒடிச்சு அடுப்புல வைக்கணும்!"

சிந்தியா திரும்பினாள்.

"ஜெபிஷ், அந்த பேண்டேஜ அவுருங்க."