சத்தம் வராத பெட்டி

குழந்தை அழுதால் வேறு அறையில் கேட்பதற்காகப் புதிதாக வாங்கிய ஜோடிப் பெட்டியில் ஒன்றைக் குழந்தையின் அறையில், தன் அப்பாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, இன்னொன்றோடு சமையலறைக்கு வந்தான் அவன்.

"பாப்பா சிணுங்கினாக்கூட இதுல கேட்கும்" என்றான் மனைவியிடம்.

பெட்டி மூச்சுகூட விடவில்லை. குமிழை முழுக்கத் திருகினான்.

"அப்பாவுக்குக் கை நடுங்குது. பாப்பாவைக் கீழ போட்டுட்டா? அதான் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடலாம்னு பார்க்கிறேன்."

"மாமா மனசு உடைஞ்சு போயிடுவாருங்க!"

"அண்ணன் ஆசையாக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுவான். அவருக்குத் தெரியவே தெரியாது."

கதவு திறந்தது. குழந்தையோடு அப்பா நின்றார்.

"பெட்டியை மாத்தி வச்சுட்டே போலிருக்குப்பா. நீங்க பேசறதுதான் அங்க கேட்குது. சத்தத்தைக் குறை, பாப்பா முழிச்சுட்டா."

மருமகளிடம் குழந்தையை நீட்டினார்.

"பத்திரமா வாங்கிக்கம்மா. கை நடுங்குது."