காலிக் கட்டம்

இன்சுலின் அட்டவணையில், இலுப்பூர் கருப்பையாவின் காலைக் கட்டம் காலியாக இருந்தது.

“எழுதலைன்னா போடலைன்னுதான் அர்த்தம். இப்பவே போடுங்க சிஸ்டர்,” என்றார் டாக்டர் நவநீதன்.

அப்போதுதான் டூட்டிக்கு வந்திருந்த நர்ஸ் ரூமானா, ஊசியை எடுக்காமல், கண் மூடிக் கிடந்த கருப்பையாவின் நெற்றியைத் தொட்டாள். சில்லென்று வேர்த்திருந்தது.

“முதல்ல சுகர் பார்த்துர்றேன் சார்.”

எழுபதுக்குக் கீழே போகக் கூடாத சுகர், மீட்டரில் நாற்பத்தெட்டு காட்டியது.

டாக்டரின் முகம் வெளிறியது. இந்த நிலையில் ஊசி இறங்கியிருந்தால் ஆளே போயிருப்பார். அவசரமாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பத்து நிமிஷம் கழித்துத்தான் கருப்பையா கண் திறந்தார்.

இட்லிப் பொட்டலத்தோடு ஓடி வந்தாள் அவர் மனைவி மீனாள். “கேன்டீன்ல ஒரே கூட்டம்ங்க. இவருக்கு ஊசி போட்டு ஒரு மணி நேரம் ஆயிருச்சே!”

“யாரும்மா போட்டது?” டாக்டர் கத்தினார்.

“பெரிய நர்ஸம்மாதாங்க. போட்டுட்டு, நேரமாச்சுன்னு மாடிக்கு ஓடுனாங்க.”

“நர்சிங் சூப்பிரண்டண்டா? உடனே இங்க வரச் சொல்லுங்க!”

ரூமானா தயங்கினாள். “மேடம் கிளாஸ் எடுத்துக்கிட்டு இருக்காங்க சார். காலைலயே வார்டு நர்ஸுங்க எல்லாரையும் அங்க அனுப்பிட்டாங்க. அதான் ஊசியையும் அவங்களே போட்டிருக்காங்க.”

“அப்படி என்ன கிளாஸ்?”

“இன்சுலின் போட்ட கையோட எழுதிரணும்னு சார்.”